இரண்டு தட்டுக்குப் பிறகு: அயர்லாந்தில் ஓர் ஊரின் கெய்லி பேண்ட் எப்படி இயங்குகிறது

மேடையில் பத்துப் பேர். முன்வரிசையில் ஃபிடில் (நம் வயலின்தான்), மரப் புல்லாங்குழல், பட்டன் அக்கார்டியன், சின்னத் துருத்திப் பெட்டியான கான்சர்ட்டினா. பின்னால் பியானோ, அதை ஒட்டி ஒரு சின்ன டிரம். டிரம்மின் விளிம்பில் பொருத்தியிருக்கும் மரக்கட்டையில் டிரம்மர் 'டொக், டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டுகிறார். அந்த இரண்டு தட்டிலேயே வேகம் முடிவாகிவிடுகிறது. மூன்றாவது தட்டு விழவேண்டிய இடத்தில் பத்துப் பேரும் ஒன்றாக மெட்டை எடுக்கிறார்கள். கைகாட்ட நடத்துநர் இல்லை. எதிரில் நோட்டுப் புத்தகமும் இல்லை.

இதுதான் கெய்லி பேண்ட். ஐரிஷ் இசை என்றதும் நம்மில் பலருக்கு உலகம் சுற்றும் கச்சேரிக் குழுக்களும் பிரம்மாண்டமான மேடை நடனங்களும் நினைவுக்கு வரும். கெய்லி பேண்டின் குடும்பம் வேறு. கில்ஃபெனோரா கெய்லி பேண்ட், டுல்லா கெய்லி பேண்ட் என்று ஊர்ப்பெயரே அதன் பெயராக இருக்கும். எதிரே உட்கார்ந்து கேட்பவரைவிட எழுந்து ஆடுபவரைத்தான் அது முதலில் பார்க்கிறது. குழுவில் எத்தனை பேர், என்ன கருவி, என்ன வேகம், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையெல்லாம் ஆடுபவரின் காலும் ஊரின் தேவையும்தான் தீர்மானிக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழுக்களைப் பற்றிய உள்ளூர்ச் செய்திகள், சண்டைகள், கவலைகள் எல்லாம் தெளிவாகப் புரியும்.

வீட்டிலிருந்து கூடத்துக்கு

'கெய்லி' என்ற ஐரிஷ் சொல்லுக்கு முதலில் நடனம் என்ற பொருளே கிடையாது. மாலையில் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதைத்தான் அது குறித்தது. 1897 அக்டோபரில் லண்டனில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள், ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் வளர்க்கப் பாடுபட்ட கெய்லிக் லீக் அமைப்பின் சார்பில் புளூம்ஸ்பரி ஹாலில் ஒரு நடன மாலை நடத்தினார்கள். அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அப்படி வெளியூரில் பிறந்த வழக்கம் பிறகு தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டத்தில், பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறைவெளியின் ஓரத்தில் இருக்கிறது கில்ஃபெனோரா. சில நூறு பேர் வாழும் கிராமம்தான். அங்கே 1909-ல் தொடங்கிய குழு இன்றுவரை வாசிக்கிறது. ஊர்த் தேவாலயத்துக்கு நிதி திரட்ட நடந்த நடனங்கள்தான் அதன் தொடக்கம். இதைச் சிறு தகவலாகக் கடந்துபோக முடியாது. இசைக்குழுவும் ஊர்ப் பொதுக்காசும் அன்றே ஒரே முடிச்சில் விழுந்துவிட்டன. இன்றும் அது அவிழவில்லை.

அப்போது பெரும்பாலான ஆட்டம் வீடுகளில்தான் நடந்தது. சமையலறை மேசையை வெளியே எடுத்துப் போட்டால் எட்டுப் பேர் ஆட இடம் கிடைக்கும். ஒரு ஃபிடில், ஒரு கான்சர்ட்டினா போதும். 1935-ல் வந்த பொது நடனக்கூடச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. பொது நடனம் நடத்த வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். சட்டத்தின் எழுத்தில் வீட்டு நடனம் இலக்காக இல்லாவிட்டாலும், பாதிரியார்களும் காவலர்களும் பல இடங்களில் அதை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். கிராமத்து வீட்டு ஆட்டத்தை இந்தச் சட்டம்தான் முறித்தது என்று மேற்கு கிளேரின் ஃபிடில் கலைஞர் ஜூனியர் கிரேஹன் கடைசிவரை வருந்தினார்.

ஆட்டம் தேவாலயக் கூடத்துக்குப் போனது. அங்கே கூட்டம் பெரிது, ஒலிபெருக்கி கிடையாது. நூறு ஜோடிக் கால்கள் மரத்தரையில் அடிக்கும் சத்தத்தைத் தாண்டி ஒற்றை ஃபிடில் கேட்குமா? அதனால் ஃபிடில் இரண்டானது, மூன்றானது. அக்கார்டியன் வந்தது. தாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பியானோவும் டிரம்மும் சேர்ந்தன. இன்று நாம் பார்க்கும் பத்துப் பேர் கொண்ட அமைப்பு, அழகியல் முடிவைவிட அதிகமாக ஒரு கூடத்தின் அளவுக்குக் கிடைத்த விடை.

சக இசைக்கலைஞர்களிடமிருந்தே இதற்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. இசையமைப்பாளர் ஷான் ஓ ரீயடா 1962-ல் ஐரிஷ் வானொலியில் நடத்திய உரைத் தொடரில் கெய்லி பேண்டுகளை வெளுத்து வாங்கினார். எல்லாரும் எல்லா நேரமும் ஒரே மெட்டை வாசித்தால் தனிக் கலைஞரின் நெளிவு சுளிவுகள் மறைந்துவிடுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் அமைத்த மாற்றுக் குழுவில் கருவிகள் மாறி மாறிப் பேசின. அதிலிருந்து கிளைத்ததுதான் சீஃப்டன்ஸ் என்னும் புகழ்பெற்ற கச்சேரிக் குழு. கச்சேரி மேடையை அளவுகோலாக வைத்தால் ஓ ரீயடா சொன்னது சரிதான். ஆனால் நடனக்கூடத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. பாதி மெட்டில் ஃபிடில்கள் ஓய்ந்து புல்லாங்குழல் மட்டும் ஒலித்தால், கூடத்தின் கடைசி வரிசையில் ஆடுபவருக்குத் தரை நழுவிவிடும்.

பார் கணக்கு

கெய்லி பேண்ட் வாசிப்பின் உயிர் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு மெட்டில் வழக்கமாக இரண்டு பாகம். ஒவ்வொன்றும் 8 பார். பார் என்பது மெட்டை அளக்கும் தாளத் துண்டு. முதல் பாகத்தை இரண்டு முறை, அடுத்ததை இரண்டு முறை வாசித்தால் 32 பார்; அது ஒரு சுற்று. பாகங்களைத் திருப்பாமல் வாசிக்கும் 'சிங்கிள் ரீல்' வகையில் ஒரு சுற்று 16 பார்தான். ரீல், ஜிக் என்பவை ஆட்ட மெட்டு வகைகள். ரீல் நம் கணக்கில் சதுஸ்ர நடை: ஒரு பாருக்கு இரண்டு அடி, ஒவ்வோர் அடியிலும் நான்கு சுரம். ஜிக் திஸ்ர நடை: ஒரு பாருக்கு இரண்டு அடி, ஒவ்வொன்றிலும் மூன்று சுரம். ஹார்ன்பைப் என்னும் வகையில் வேகம் குறைவு, சுரங்கள் துள்ளித் துள்ளிப் போகும். தெற்கே கார்க், கெர்ரி எல்லைப் பக்கம் போனால் போல்கா, ஸ்லைடு என்ற வகைகள் ஆட்சி செய்யும். (நமக்கு இந்த மெட்டுகள் முற்றிலும் புதியவை என்று சொல்லிவிட முடியாது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களில் 'வந்தே மீனாக்ஷி', 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் மெட்டின் மேல் அமைந்தது. மாலோ, கார்க் மாவட்டத்தில் உள்ள ஊர்.)

கிளேரில் ஆடுவது பெரும்பாலும் 'செட்'. நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஆட்டம் இது. பிரெஞ்சு குவாட்ரில் நடனத்திலிருந்து வந்து, ஊர்க் கால்களில் புதிய உரு எடுத்தது. அந்நியச் சரக்கு என்று கெய்லிக் லீக் ஒதுக்கிவைத்தபோதும் கிளேர் மக்கள் இதை விடவில்லை. ஒரு செட்டில் ஐந்தாறு அங்கங்கள் இருக்கும். ஒவ்வோர் அங்கமும் 8 பார் கொண்ட துண்டுகளால் கட்டப்பட்டது. கைகோத்து வட்டமிட 8 பார், ஜோடியாகச் சுழன்று சதுரத்தைச் சுற்றிவர 8 பார் என்று போகும். இசை தொடங்கியதும் ஆடுபவர்கள் முதல் 8 பாரைக் கேட்டுவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பார்கள்.

சிக்கல் எங்கே வரும் என்று பார்ப்போம். ஓர் அங்கம் 184 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் 8 பாரையும் சேர்த்தால் 192, அதாவது சரியாக ஆறு சுற்று. இரண்டு மெட்டை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசித்தால் கணக்கு நேர். அடுத்த அங்கம் 208 பார் என்றால் மொத்தம் 216. ஆறு சுற்றுக்குப் பிறகு 24 பார் மிஞ்சும். ஆறோடு நிறுத்தினால் கடைசி ஜோடி தன் முறைக்கு நடுவே அந்தரத்தில் நிற்கும். ஏழாவது சுற்றை முடித்துத்தான் நிறுத்துவோம் என்றால், ஆட்டம் முடிந்த பிறகும் 8 பார் இசை ஓடிக்கொண்டிருக்கும். நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஏழாவது சுற்றில் இரண்டாம் பாகத்தை ஒருமுறை மட்டும் வாசித்து அங்கேயே முடிப்பதுதான் சரி. அந்த இடத்தில் பத்துப் பேரும் ஒன்றாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் குழுவில் ஒருவர், பெரும்பாலும் பியானோக்காரரோ டிரம்மரோ, செட்டுகளின் பார் கணக்கை அட்டையில் எழுதி எதிரில் வைத்திருப்பார். கடைசி 8 பாருக்கு முன் தலை நிமிர்த்துவார், அல்லது காலைத் தூக்குவார். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் படிக்க வேண்டியது மெட்டை அல்ல, அந்தத் தலையசைப்பைத்தான்.

வேகமும் இதே போலக் கறாரானது. செட்டுக்கு ரீல் வாசிக்கும்போது நிமிடத்துக்கு 112 அடி என்பது நல்ல நடுத்தர வேகம். அப்போது 32 பார் சுமார் 34 நொடி. மேலே சொன்ன 216 பார் அங்கம் 3 நிமிடம் 51 நொடியில் முடியும். அதையே 120-க்கு ஏற்றினால் 3 நிமிடம் 36 நொடி. காகிதத்தில் 15 நொடிதான் வித்தியாசம். ஆனால் குதிகாலாலும் முன்பாதத்தாலும் தரையை அடித்து ஆடுபவருக்கு அந்த அடிகளைப் போட நேரம் இருக்காது. வெறுமனே ஓடத்தான் முடியும். வேகம் ஏறிவிட்டதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: கால்சத்தத்தைக் கேட்டால் போதும். தெளிவான தட்டுகளாக வந்த சத்தம் சரசரப்பாக மாறினால் குழு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வேகம் குறைவதற்கும் ஒரு காரணம் உண்டு, பலரும் அதைக் கவனிப்பதில்லை. மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஆடுபவருக்கு இசை போய்ச்சேரச் சுமார் 44 மில்லிநொடி ஆகும். அவர் கால் அடிக்கும் சத்தம் திரும்பி மேடைக்கு வர இன்னொரு 44. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 88 மில்லிநொடித் தாமதம். 112 வேகத்தில் ஒரு சுரத்தின் நீளமே 134 மில்லிநொடிதான். ஆக, தரையின் சத்தம் அரைச் சுரத்துக்கும் மேல் பிந்தியே வரும். டிரம்மர் அதைக் கேட்டு அதோடு ஒட்டிப்போக முயன்றால் பார் தவறாமல் இழுத்துக்கொண்டே போவார். அனுபவமுள்ள டிரம்மர் பியானோவின் இடதுகையைத்தான் பிடித்துக்கொள்வார். இடதுகை அடிமேல் கீழ்ச்சுரத்தை வைக்கும்; வலதுகை அடிகளுக்கு இடையே கோர்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) வைக்கும். 'பூம்-சக்' என்ற அந்த ஓசைதான் குழுவின் முதுகெலும்பு. பியானோவையும் டிரம்மையும் மேடையில் கைநீட்டும் தூரத்துக்குள் வைப்பதற்கு இதுவே காரணம். இட நெருக்கடியில் அவற்றை இரு ஓரங்களில் பிரித்து வைத்த இரவுகளில் ஒலிபெருக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குழு தடுமாறும்.

சுருதி சேராத பத்துப் பேர்

அக்கார்டியனுக்கும் கான்சர்ட்டினாவுக்கும் நாக்குகள் உலோகம். மேடையில் அவற்றின் சுருதியை மாற்ற முடியாது, எனவே மற்ற எல்லாரும் அவற்றுக்குத்தான் இறங்கி வர வேண்டும். ஃபிடில்காரருக்கு அது எளிது. புல்லாங்குழல்காரர் பாடுதான் திண்டாட்டம். இங்கே ஊதுவது டி சுருதியில் அமைந்த, ஆறு துளைகள் கொண்ட மரக்குழல். குளிர்ந்த கூடத்தில் சுருதி இறங்கி நிற்கும், ஊத ஊத உள்காற்று சூடேறி மேலே போகும். தலைப்பகுதியில் உள்ள உலோக இணைப்பை இழுத்தோ அழுத்தியோ சரிசெய்யலாம். ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் கீழ் டி சுரம் சுமார் 3 சென்ட் இறங்கும். ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட். ஆனால் மேலே விரல் வைக்கும் சுரங்களுக்குக் குழலின் நீளம் குறைவு என்பதால் அவை அதிகமாக இறங்கிவிடும். நிறைய இழுத்தால் குழல் தனக்குள்ளேயே சுருதி பிசகும். ஆகவே நிகழ்ச்சிக்குக் கால்மணி முன்பே ஊதிச் சூடாக்கிவிட்டுப் பிறகு சுருதி சேர்ப்பதுதான் முறை. கோட்டைக் கழற்றிய கையோடு சேர்த்தால், இரண்டாவது செட்டில் மறுபடியும் சேர்க்க வேண்டியிருக்கும்.

அக்கார்டியனில் இன்னொரு வம்பு. ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று நாக்குகள் இருக்கும். பழைய பெட்டிகளில் வேண்டுமென்றே அவற்றைச் சற்றுத் தள்ளிச் சுருதி வைப்பார்கள். இரண்டுக்கும் 15 சென்ட் இடைவெளி என்றால் நடு ஏ சுரத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை ஏறி இறங்குவது கேட்கும். தனியாகக் கேட்க அது நடுங்கி இனிக்கும். பத்துப் பேர் நடுவில் வைத்தால் சுருதி எங்கே இருக்கிறது என்றே ஃபிடில்களுக்குப் பிடிபடாது. அதனால்தான் இன்றைய குழுக்கள் நாக்குகளை நெருக்கி வைத்த, வறண்ட ஒலியுள்ள பெட்டிகளையே நாடுகின்றன. பட்டன் வரிசைகளிலும் இரண்டு பள்ளிகள் உண்டு. நீனாவைச் சேர்ந்த பேடி ஓபிரையன் பரப்பிய பி/சி முறையில் (பட்டன் வரிசைகள் இரண்டும் பி, சி சுருதிகளில் அமைந்தவை) சுரங்கள் வழுவழுவென்று ஓடும். டுல்லா குழுவில் தொடக்க காலத்தில் வாசித்த ஜோ கூலி போன்றவர்களின் முறையில் துருத்தியை இழுப்பதும் அழுத்துவதுமாக வெட்டி வெட்டி வரும். ஆட்டத்துக்கு எது நல்லது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் கைகாட்டத் தோன்றுகிறது. அந்த வெட்டிலேயே ஒரு தாளம் இருக்கிறது.

பத்துப் பேரும் ஒரே மெட்டை வாசிக்கிறார்கள் என்றால் யாருடைய மெட்டை? இங்குதான் பயிற்சி இரவுகளில் நேரம் போகும். ஒவ்வொருவரும் அதை வேறு வேறு ஆளிடம் கேட்டுக் கற்றிருப்பார். சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓநீல் 1907-ல் வெளியிட்ட தொகுப்பில் 1001 நடன மெட்டுகள் உள்ளன. ஆனால் ஊரில் வாசிப்பது பல இடங்களில் அதோடு ஒத்துப்போகாது. தனியாக வாசிக்கும்போது அந்த வேறுபாடே அழகு. பத்துப் பேராக வாசிக்கும்போது ஐந்தாவது பாரில் நாலு பேர் மேலே போய் ஆறு பேர் கீழே இறங்கினால் அந்த இடம் சேறாகிவிடும். எனவே எலும்புக்கூட்டை ஒன்றாக்கிக்கொள்வார்கள். ஒற்றைச் சுர வெட்டுகள், ஐந்து சுரச் சுருட்டல்கள் போன்ற அலங்காரங்களை அவரவர் கைக்கு விட்டுவிடுவார்கள். சுருட்டல்களைக்கூட ஒன்றாக்கப் பார்க்கும் குழுக்கள் உண்டு. கேட்கும்போது சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இயந்திரம் ஓடுவது போல இருக்கும். கில்ஃபெனோரா பாணியில் மனத்தைத் தொடுவது, இறுக்கமும் தனித்தன்மையும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதுதான்.

மூன்று மணி நேர இரவில் இரண்டு மணி நேரம் இசை ஓடும். ஒரு மெட்டை மும்மூன்று சுற்று வாசித்தால் எழுபது மெட்டு வரை வேண்டும். அத்தனையும் மனப்பாடம்.

ஃப்ளா என்னும் திருவிழா

ஊர்ச் செய்தியில் கெய்லி பேண்ட் அதிகம் அடிபடும் காலம் கோடை. 1951-ல் மல்லிங்கர் நகரில் இசைக்கலைஞர்கள் கூடி மரபிசையை வளர்க்கும் கோல்டஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதே ஆண்டு அங்கே நடந்த விழாவே 'ஃப்ளா' என்னும் ஆண்டுப் போட்டியின் தொடக்கம். முதலில் மாவட்டம், பிறகு மாகாணம், அதன் பின் ஆகஸ்டில் அகில அயர்லாந்து. கிளேர் குழு மன்ஸ்டர் மாகாணத்தைத் தாண்டி வர வேண்டும்; பல ஆண்டுகளில் அதுவே கடினமான படி. 12 வயதுக்குட்பட்டோர், 12–15, 15–18, மூத்தோர் என நான்கு பிரிவுகள். விழா ஊர் ஊராக மாறும். 2013-ல் டெர்ரியில் நடந்தபோதுதான் முதன்முறையாக வட அயர்லாந்துக்குப் போனது. 2020, 2021-ல் கொரோனாவால் நின்றுபோய், 2022-ல் மல்லிங்கரில் மறுபடி தொடங்கியது.

1954, 55, 56 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு மூத்தோர் கெய்லி பேண்ட் பட்டத்தைக் கில்ஃபெனோரா வென்றது. 1957-ல் டுல்லா பறித்துக்கொண்டது. இரண்டும் ஒரே மாவட்டம். டுல்லா குழு 1946-ல் பிறந்தது. ஃபிடில் கலைஞர் பி.ஜே. ஹேய்ஸ் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். இன்று உலகெங்கும் தெரிந்த மார்ட்டின் ஹேய்ஸ் அவர் மகன். சிறுவயதில் தந்தையின் குழுவில் வாசித்து வளர்ந்தவர். கில்ஃபெனோரா பக்கம் நீண்ட காலம் பியானோவில் அமர்ந்து குழுவைத் தாங்கியவர் கிட்டி லினேன். வாசிக்கும் வேலை போக, நிகழ்ச்சி பேசுவது, வண்டி ஏற்பாடு, கணக்கு என்று எல்லாமே அப்படிப்பட்ட ஒருவர் தலையில்தான் விழும். அந்த ஒருவர் இல்லாத குழுக்கள் மூன்றாம் ஆண்டைத் தாண்டுவது அபூர்வம். 1993, 94, 95-ல் கில்ஃபெனோரா மறுபடியும் மூன்று முறை தொடர்ச்சியாக வென்றது.

ஆனால் போட்டியில் ஒரு முரண் இருக்கிறது. நடனத்துக்கான இந்தக் குழுக்கள் அங்கே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன் வாசிக்கின்றன. நடுவர் மதிப்பெண் போடுகிறார், யாரும் ஆடுவதில்லை. அதன் விளைவு மெல்ல மெல்லத் தெரிகிறது. ஒரு சுற்றில் ஃபிடில்கள் மட்டும், அடுத்த சுற்றில் திடீரெனச் சுருதி மாற்றம், முடிவில் கவனமாகச் செதுக்கிய நிறுத்தம் என்று வேலைப்பாடு கூடுகிறது. ஜி சுருதி மெட்டிலிருந்து ஏ சுருதி மெட்டுக்குத் தாவும்போது கூடமே எழும்புவது போல இருக்கும். அந்தத் தாவல் ஆட்டத்துக்கும் நல்லதுதான். மற்ற நகாசுகளில் பாதி ஆட்டக்காரருக்குப் பயன்படாது. போட்டிக்காக ஆறு மாதம் நாலைந்து மெட்டுகளையே தேய்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் குழு, ஒரு முழு இரவு வாசிக்கக் கூப்பிட்டால் பத்து மணிக்குள் மெட்டு தீர்ந்து திணறும். நல்ல ஆசிரியர்கள் போட்டிக்கு முன்பே பிள்ளைகளை ஒரு கெய்லியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆடுபவர் முகத்தைப் பார்த்து வாசித்த குழு போட்டியிலும் அசையாமல் நிற்கும்.

ஊர்க் காரியம்

ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. வார நாள் மாலையில் பள்ளிக்கூட வகுப்பறையில் கோல்டஸ் கிளையின் வகுப்பு. ஏழெட்டு வயதுப் பிள்ளை கையில் டின் விசில்; பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும். விரல் பழகியதும் மரக்குழலுக்கோ ஃபிடிலுக்கோ போகும். ஆசிரியர் மெட்டை மெதுவாக வாசிப்பார், பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்துகொண்டு வீட்டில் கேட்டுப் பழகுவார்கள். டிசம்பர் 26 ரென் நாள். வேடம் கட்டி வீடு வீடாகப் போய் வாசித்துக் காசு திரட்டுவார்கள். மார்ச் 17 புனித பேட்ரிக் நாள் ஊர்வலத்தில் லாரியின் பின்தட்டு மேடையாகும். ஜூலை முதல் வாரம் மில்டவுன் மால்பேயில், 1973 முதல் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி. காலையில் வகுப்பு, மதியம் மதுக்கடையில் கூடி வாசிப்பு, இரவில் கெய்லி. அந்த ஒரு வாரம் சின்ன ஊர் திணறும்.

இவற்றுக்கு நடுவே ஊர் கேட்கும் காரியங்கள். விளையாட்டுச் சங்கத்துக்குப் புது ஆடுகளம், பள்ளிக்கூடத்துக்குக் கூரை, நோயாளிக் குடும்பத்துக்கு உதவி. எல்லாவற்றுக்கும் ஒரு கெய்லி. மறைந்தவர் இசைக்காரர் என்றால் கல்லறையில் நின்று 'ஏர்' என்னும் மெதுவான மெட்டு ஒன்றை வாசிப்பது குழுவின் கடமை. யாரும் கேட்டு வருவதில்லை, தாங்களாகவே வருவார்கள். என்னிஸ் நகரிலிருந்து 1903 முதல் வரும் கிளேர் சாம்பியன் வார இதழில் ஊர்வாரிக் குறிப்புகள் உண்டு. வகுப்புச் சேர்க்கை, ஃப்ளா முடிவு, அடுத்த கெய்லி எங்கே என்பதெல்லாம் திருமணம், இறப்பு, கால்பந்து முடிவுகளுக்கு இடையே வரும். இந்த இசைக்கு உரிய இடம் அதுதான் என்று தோன்றுகிறது; கலைப் பக்கத்தில் தனியாகப் பிரித்து வைத்தால் ஏதோ குறைந்துவிடும்.

பணக் கணக்கு இறுக்கமானது. நுழைவு 10 யூரோ, 100 பேர் வந்தார்கள் என்றால் 1000 யூரோ. கூட வாடகை, காப்பீடு, ஒலியமைப்பு, தேநீர்ச் செலவு போக மிஞ்சுவதைப் பத்துப் பேர் பிரித்தால் பெட்ரோலுக்குத்தான் சரியாக இருக்கும். செட் நடன வட்டாரத்தில் இன்று வாரம்தோறும் வாசிக்கும் பல 'பேண்டுகள்' இரண்டு மூன்று பேராகச் சுருங்கியதன் காரணம் இதுதான். அக்கார்டியன், பாஞ்சோ, தாளத்துக்கு ஒரு கீபோர்டு. அந்தக் குழுக்களைக் குறை சொல்ல முடியாது. அவை இல்லாவிட்டால் பாதிக் கூடங்களில் ஆட்டமே இருக்காது. ஆனால் மூன்று ஃபிடிலும் மூன்று குழலும் சேர்ந்து எழுப்பும் அந்தத் தடித்த ஒலியைக் கீபோர்டு தராது. பெரிய குழுக்கள் தொடர்வதற்குக் காரணம், அதில் இருப்பவர்கள் ஆசிரியராக, விவசாயியாக, செவிலியராக வேறு சம்பளத்தில் வாழ்வதுதான்.

ஆள் போவது அதைவிடப் பெரிய கவலை. 1950-களில் குழுக்களின் பாதி லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் கப்பலேறியது. அறுபதுகளில் புதுப் பாப் பாட்டுகளை வாசித்த ஷோபேண்டுகள் கூடங்களைப் பிடித்துக்கொண்டன. 1969-ல் தொடங்கிய, ஐரிஷ் விளையாட்டுச் சங்கம் நடத்தும் ஸ்கோர் கலைப் போட்டிகளும் எண்பதுகளில் பரவிய செட் நடன வகுப்புகளும் ஆட்டத்தை மீட்டபோது, அதற்கு வாசிக்கக் குழுக்களும் மீண்டன. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் ஆடுபவர் திரும்பி வந்தார், பிறகுதான் பேண்ட். இன்று பள்ளி இறுதித் தேர்வு வருடத்தில் ஒருமுறை ஆள் குறையும், கல்லூரிக்குப் போகும்போது இன்னொரு முறை. வெள்ளி இரவு டப்ளினிலிருந்து மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்து வாசிப்பவர்களை நம்பித்தான் பல குழுக்கள் நிற்கின்றன. தொலைநோக்குள்ள குழு, மூத்தோர் இருக்கும்போதே பதினெட்டு வயதுக்காரர் இருவரைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடும். மெட்டுகளைப் பதிவைக் கேட்டுக் கற்கலாம். 216 பாரில் எங்கே நிற்பது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும்.

கூடத்தைப் பற்றி ஒன்று. கான்கிரீட் மேல் லினோலியம் ஒட்டிய தரை ஆட்டக்காரரின் முழங்காலைக் கெடுக்கும், மேடைக்குக் கால்சத்தத்தையும் அனுப்பாது. அடியில் வெற்றிடம் விட்டுப் பலகை பாவிய பழைய தரை கொஞ்சம் கொடுத்து வாங்கும். அதுவே ஒரு டிரம். ஊர்க்கூடத்தைப் புதுப்பிக்கும் குழுக்கள் செலவு மிச்சம் என்று பலகையைப் பெயர்த்து ஓடு பதிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அடுத்த ஆண்டே ஆட்டக்காரர்கள் பக்கத்து ஊர்க் கூடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஒன்பது மணிக்குத் தொடங்கிய கெய்லியில் நடுவே தேநீரும் சாண்ட்விச்சும் உண்டு. நள்ளிரவை ஒட்டிக் கடைசி செட் முடிந்ததும் யாரும் உட்காருவதில்லை. டிரம்மர் ஒரு நீண்ட உருட்டல் கொடுக்க, குழு தேசிய கீதத்தை எடுக்கிறது. ஆடியவர்கள் வேர்வையோடு மேடைப் பக்கம் திரும்பி நேராக நிற்கிறார்கள். கீதம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கும் சத்தம். புல்லாங்குழல்காரர் குழலை மூன்றாகக் கழற்றி, கழியில் துணி சுற்றி உள்ளே விட்டு ஈரத்தைத் துடைக்கிறார். அப்படியே பெட்டியில் வைத்தால் மரம் வெடிக்கும். பியானோக்காரர் தன் பார் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறார்.